இடதுபக்கப் பெட்டி

முட்டைக்குள் பதினைந்து நாள் வளர்ந்த கோழிக்குஞ்சின் கழுத்தடியில் இரண்டு தைராய்டு சுரப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றும் கடுகளவு. அந்தக் கடுகைக் கிழிக்காமல் எடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து அளந்து அளந்தே என் இரண்டு வருடம் போயிற்று. அளந்ததாவது ஒழுங்காக வந்ததா என்றால், அதுவும் இல்லை.

கேள்வி ஒன்றும் பிரமாதமில்லை. கரண்ட் ஓடும் கம்பிச் சுருளுக்கு நடுவில், காந்தப் புலத்தில் அடைகாத்த முட்டையில் இந்தச் சுரப்பி சரியாக வளர்கிறதா இல்லையா? அவ்வளவுதான்.

"ரெண்டு முட்டை எடுத்துக்கோ, ஒண்ணைக் காந்தத்துல வை, இன்னொண்ணைச் சும்மா வை, உடைச்சுப் பாரு. இதுக்குப் போய் ரெண்டு வருஷமா?" என்றாள் என் மகள். பன்னிரண்டு வயது.

"அதைத்தான் உங்கம்மா பண்றா. இன்னும் உடைச்சு முடியல" என்றார் அவள் அப்பா. லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். அவர் வேலையில் லிஃப்ட் ஏறும், அல்லது ஏறாது. மூன்றாவது ஒரு கழுத்தறுப்பு அவருக்குக் கிடையாது.

எனக்கு இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் ஓர் இரும்பு அலமாரியின் மேல் இரண்டு அடைகாக்கும் பெட்டிகள். ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஒன்று இடதுபக்கம், மற்றொன்று வலதுபக்கம். இரண்டையும் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள்கள். இரண்டு சுருளிலிருந்தும் ஒரே மாதிரி கறுப்பு ஒயர் அலமாரிக்குப் பின்னால் போய் முடியும். அங்கே ஒரே ஒரு சாக்கெட். ஒரு பிளக் அதில் இருக்கும், அந்தப் பெட்டிக்குக் கரண்ட். இன்னொரு பிளக் சும்மா தொங்கும்.

எந்த ஒயர் எந்தப் பெட்டிக்கு என்று அடையாளம் எழுதக்கூடாது என்பது என் பேராசிரியரின் கட்டளை. "எழுதி வச்சா கண்ணு ஏமாத்தும்மா. எதுல கரண்ட்னு தெரிஞ்சா அந்த முட்டையை ஒரு மாதிரியாப் பாப்ப" என்பார். சரி, எழுதவில்லை.

இன்னொரு கட்டளையும் உண்டு. இதைத்தான் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு தடவை புது முட்டை வைக்கும்போதும் கரண்டைப் பெட்டி மாற்றிக் கொடுக்க வேண்டும். போன தடவை இடது என்றால் இந்தத் தடவை வலது. ஒரே கம்பெனிப் பெட்டி என்றாலும் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. எப்போதும் ஒரே பெட்டிக்குக் கரண்ட் கொடுத்து, அதில் வைத்த முட்டையில் சுரப்பி சின்னதாக வந்தால், அது காந்தத்தின் வேலையா பெட்டியின் வேலையா என்று யார் சொல்வது? அதனால் மாற்ற வேண்டும். காந்தத்தில் வைக்கும் முட்டைகளுக்குச் சிவப்புத் தட்டு. சும்மா வைக்கும் முட்டைகளுக்குப் பச்சைத் தட்டு. கரண்ட் போகும் பெட்டிக்குச் சிவப்புத் தட்டும் கூடவே போகும். ஒயரில் எழுதாவிட்டாலும் தட்டின் நிறமே காட்டிக் கொடுக்குமே என்று பேராசிரியரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

எந்தத் தட்டு எந்தப் பக்கம் என்று நான் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பார்த்துத் தட்டு வைப்பது ஆய்வக உதவியாளரின் வேலை. அவரைக் 'கடிகாரம்' என்று எல்லோரும் சொல்வோம். பண்ணை வண்டி காலை ஆறு மணிக்கு முட்டை கொண்டுவரும். அவர் ஐந்தரைக்கே வந்து உட்கார்ந்திருப்பார். இரண்டு வருடத்தில் ஒரு நாள் தாமதம் கிடையாது. ஐம்பத்தெட்டு வயது, வாய் திறந்து பேசமாட்டார். நேருக்கு நேர் அவரை நான் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இங்க பாருங்க' என்பதுதான் என் வாயில் அவருக்குப் பெயர். அதற்குப் பின்னால் நல்லதாக எதுவும் வராது என்று அவருக்கும் தெரியும்.

எனக்கு முன்கோபம். ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் இரண்டு பேர் அதைச் சிரித்தே தள்ளிவிடுவார்கள். ஆய்வகத்தில் கடிகாரம் ஒருவர்தான் இருந்தார், அவர் சிரிக்கவில்லை.

முதல் தடவை சிவப்புத் தட்டு முட்டைகளில் சுரப்பி சின்னதாக இருந்தது. குதித்தேன். காந்தம் வேலை செய்கிறது! இரண்டாவது தடவை பச்சைத் தட்டில் சின்னதாக இருந்தது. மூன்றாவது தடவை மறுபடி சிவப்பில். நான்காவது தடவை பச்சையில். தலையில் அடித்துக்கொண்டேன். காந்தம் ஒரு தடவை சுரப்பியைச் சுருக்குமாம், அடுத்த தடவை பெருக்குமாம். இதென்ன காந்தமா, என் நாத்தனாரா?

"உயிர்னா அப்படித்தான். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்" என்றார் பேராசிரியர். ஏழெட்டுப் பேருக்கு வழிகாட்டியவர், ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம். என்ன சொன்னாலும் பதற மாட்டார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பதறாமல் இருக்க என்னால் முடியாது. பக்கத்துக் கல்லூரியில் ஒன்பது வருடமாகத் தற்காலிக ஆசிரியை. இந்தப் பட்டம் வந்தால் அந்த வேலை நிரந்தரம். அதற்கு நாற்பது நாளில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுப்போம் என்று முதல்வர் நேரிலேயே சொல்லிவிட்டார். ஆகவே ஐந்தாவது தடவைதான் கடைசி. அது எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு அலுப்பு.

முட்டை வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், எப்போதும் போல, அலமாரிக்குப் பின்னால் குனிந்து பிளக்கை மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகுதான் மூக்குக் கண்ணாடியை அலமாரிக்குப் பின்னாலேயே விட்டுவிட்டது தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் எனக்குப் பேப்பரும் தெரியாது, பேருந்து எண்ணும் தெரியாது. காலை எட்டு மணிக்கு வகுப்பு. எல்லோரையும் திட்டிக்கொண்டே விடிந்ததும் கிளம்பி, ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆய்வகத்துக்குள் நுழைந்தேன்.

கடிகாரம் அலமாரிக்குப் பின்னால் குனிந்திருந்தார். ஒரு பிளக்கைப் பிடுங்கினார். தொங்கிக்கொண்டிருந்த இன்னொன்றைச் செருகினார்.

"இங்க பாருங்க! என்ன பண்றீங்க?"

அவர் தலை அலமாரியில் இடித்தது. "மாத்தறேன் மேடம்."

"எதை மாத்தறீங்க?"

"பிளக்கைத்தான். புது முட்டை வருதுல்ல?"

"நேத்து சாயங்காலமே நான் மாத்திட்டேனே! உங்களை யாரு மாத்தச் சொன்னா?"

சுவரைக் காட்டினார். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் கையெழுத்து. 'புது முட்டை வரும் காலையில் பிளக்கை மாற்றவும்.' கீழே இரண்டு கோடு வேறு.

எல்லாம் ஞாபகம் வந்தது. முதல் தடவை முட்டை வைத்த அன்று கரண்ட் இடதுபக்கப் பெட்டிக்குப் போக வேண்டும்; செருகியிருந்தது வலதுபக்கப் பிளக், அதை மாற்ற அவர் மறந்திருந்தார். நான் வந்து ஒயரைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்து, மாற்றி, ஆய்வகமே அதிரக் கத்தி, "இனிமே வாயை மூடிக்கிட்டு இதுல இருக்கறதைச் செய்யுங்க" என்று இந்தத் தாளை எழுதி ஒட்டினேன். ஒட்டின பிறகும் அவர் மேல் நம்பிக்கை வரவில்லை. அடுத்த தடவையிலிருந்து முதல் நாள் சாயங்காலமே நானாக மாற்ற ஆரம்பித்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"ஒவ்வொரு தடவையும் மாத்துனீங்களா?"

"ஒரு தடவை கூட விடல மேடம்" என்றார். குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். சாயங்காலம் நான் மாற்றுவேன். காலையில் அவர் மாற்றுவார். இரண்டு பேரும் மாற்றினால் பழையபடி ஆகிவிடும். அப்படியென்றால் இந்த இரண்டு வருடமும் கரண்ட் ஒரே பெட்டியில்தான் இருந்திருக்கிறது. இடதுபக்கப் பெட்டியில். தட்டுகள்தான் இடமும் வலமும் மாறி மாறிப் போயிருக்கின்றன.

அலமாரிக்குப் பின்னால் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நோட்டைப் பிரித்தேன். முதல் தடவை இடதில் சிவப்பு. சிவப்பில் சுரப்பி சின்னது. இரண்டாவது தடவை இடதில் பச்சை. பச்சையில் சின்னது. மூன்று, நான்கு, அதே கதை. நான்கு தடவையும் இடதுபக்கப் பெட்டியில்தான் சின்னது. ஒன்று கூடத் தப்பவில்லை.

ஓர் ஐந்து நிமிடம் எனக்குச் சொர்க்கம். நோட்டில் சிவப்பு, பச்சை என்ற பேரை மட்டும் திருத்தி எழுதினால் போதும், எல்லாம் ஒரே மாதிரி வந்துவிடும்! அப்புறம்தான் உறைத்தது. கரண்டும் எப்போதும் இடது. சின்னச் சுரப்பியும் எப்போதும் இடது. காந்தத்தின் வேலையா, பெட்டியின் வேலையா? எந்தக் கேள்வி வரக்கூடாது என்று இத்தனை பாடுபட்டோமோ, அந்தக் கேள்வியின் வாயிலேயே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியே பண்ணை வண்டி ஹாரன் அடித்தது. "முட்டையை இறக்கி ஓரமா வைங்க. இன்னிக்கு உள்ள வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியரைப் பார்க்கப் போனேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். பதறவில்லை. டீயைக் குடித்து முடித்தார்.

"இதுல என்னம்மா கஷ்டம்? ரெண்டாவது தடவையும் நாலாவது தடவையும் தட்டை மாத்தி வச்சுட்டார்னு எழுது."

"யாரு?"

"அவர்தான். கரண்ட் முறைப்படி பெட்டி மாறித்தான் போச்சு, உதவியாளர் அந்த ரெண்டு தடவை சிவப்புத் தட்டைப் பச்சை இடத்துல வச்சுட்டார். அவ்வளவுதான். அப்ப எந்தப் பெட்டிக்குக் கரண்ட் போனாலும் சுரப்பி சின்னதாச்சுன்னு ஆயிடும். முடிஞ்சுது. அவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கி வச்சுக்கோ, யாராவது கேட்டா காட்டலாம்."

"அவர் தப்பு பண்ணலையே சார்."

"அவருக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேலை. ஒரு சின்னக் குறிப்பு ஏறும், அதனால என்ன குறைஞ்சுடும்? உனக்கு நாற்பது நாள்."

நான் நல்லவள் மாதிரி எழுந்து கோபமாக வெளியே வந்தேன் என்று எழுத ஆசைதான். வரவில்லை. கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, பேராசிரியர் சொல்லச் சொல்ல அந்தக் கடிதத்தை நானே அடித்தேன். 'கவனக்குறைவாக' என்ற சொல்லைச் சேர்த்ததும் நான்தான். எட்டு மணி வகுப்புக்கும் போகவில்லை.

கடிகாரம் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்.

"எங்க போடணும் மேடம்?"

"படிச்சுட்டுப் போடுங்க."

மெதுவாகப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"தட்டை மாத்தி வச்சேன்னு இருக்கே."

"ஆமா."

"மாத்தி வைக்கலையே மேடம். நீங்க குடுத்த சீட்டைப் பாத்துத்தான் வச்சேன்."

"தெரியும்" என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாளை அலமாரியின் மேல் வைத்து, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"போட்டுட்டேன். இனிமே திட்ட மாட்டீங்கல்ல?"

எனக்கு வந்தது வெட்கம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் எனக்கு எது வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"ஏன் போட்டீங்க? பண்ணாத தப்புக்கு ஏன் கையெழுத்துப் போட்டீங்க? கூறு இல்லையா உங்களுக்கு? நான் நீட்டினா என்ன ஏதுன்னு கேக்க மாட்டீங்களா? நாளைக்கு நான் திருடினேன்னு எழுதிக் குடுத்தா அதுலயும் போடுவீங்களா?"

கையிலிருந்த பேனாவை அவர் அலமாரியின் மேல் போட்டார். போட்ட வேகத்தில் அது உருண்டு கீழே விழுந்தது.

"கையெழுத்துப் போடலேன்னாலும் திட்டுவீங்க. போட்டாலும் திட்டறீங்க. பிளக்கை மாத்தலேன்னு திட்டினீங்க, இன்னிக்கு மாத்தினேன்னு திட்டினீங்க. நான் என்னதான் பண்ணணும் மேடம்? சொல்லுங்க, செய்யறேன். நானும் ரெண்டு வருஷமாக் கேக்கணும்னு நினைக்கறேன்."

அவர் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரியும். வராந்தாவில் போன ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடிதத்தை எடுத்துக் கிழித்தேன். நாலாக, எட்டாக, அதற்கு மேல் கிழிக்க வராத வரைக்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயப்படுகிறாரா என்று பார்த்தேன். இல்லை. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"மன்னிச்சுக்கோங்க" என்றேன். சத்தமாக வரவில்லை. ஆனால் சொன்னேன்.

அவர் குனிந்து பேனாவை எடுத்துப் பையில் செருகிக்கொண்டார்.

"வேற என்ன சொல்லாம வச்சிருக்கீங்க? இருக்கறதை எல்லாம் இன்னிக்கே சொல்லிடுங்க" என்றேன். கோபத்தில் கேட்கவில்லை, அலுப்பில் கேட்டேன். பதில் வரும் என்றும் எதிர்பார்க்கவில்லை.

"அந்த இடதுபக்கப் பெட்டி" என்றார்.

"அதுக்கென்ன?"

"கதவு சரியா மூடாது மேடம். வாங்கின நாள்லேர்ந்தே அப்படித்தான். ரப்பர் கீழ்ப்பக்கம் தூக்கிக்கிட்டிருக்கு. காலைல கையை வச்சாக் காத்து தெரியும்."

"வெப்பம் சரியாத்தானே காட்டுது? நான் தினம் குறிச்சு வைக்கறேனே!"

"மீட்டர் மேல இருக்கு. தட்டு கீழ இருக்கு."

அலமாரியில் கிடந்த ஒரு துண்டுத் தாளை எடுத்தேன். வலதுபக்கப் பெட்டிக் கதவின் அடியில் வைத்து மூடி இழுத்தேன். வரவில்லை, கிழிந்தது. இடதுபக்கத்தில் வைத்து மூடி இழுத்தேன். வெண்ணெயிலிருந்து முடி எடுப்பது போல வந்தது. பிறகு ஒரு சின்னத் தெர்மாமீட்டரைத் தட்டு வைக்கும் இடத்தில் போட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். மேலே இருந்த மீட்டரை விட ஒரு டிகிரிக்கு மேல் குறைவு. பதினைந்து நாளும் அந்தக் குளிரில் கிடந்தால் கரு மெதுவாகத்தான் வளரும், சுரப்பியும் மெதுவாகத்தான் வளரும். இதற்குக் காந்தம் எதற்கு?

"ஏன் சொல்லல?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார்.

பேராசிரியரிடம் போய்க் கடிதம் கிடையாது என்றேன். அவர் முதல் தடவையாகக் கொஞ்சம் பதறினார். அதைப் பார்க்க எனக்கு நன்றாகவே இருந்தது. ஐந்தாவது தடவையைக் கதவைச் சரிசெய்யாமல் அப்படியே வைப்போம், கரண்டை மட்டும் வலதுபக்கத்துக்குக் கொடுப்போம், சின்னச் சுரப்பி காந்தத்தோடு போகிறதா கதவோடு நிற்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்றேன். "தலையெழுத்து, பண்ணு" என்றார்.

பிளக்கைக் கடிகாரம் மாற்றினார். எந்த ஒயர் எந்தச் சுருளுக்குப் போகிறது என்று நான் கையால் தடவிப் பார்த்தேன். இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட்டோம். சுவரிலிருந்த தாளை நான் உரித்தேன். பாதிதான் வந்தது, மீதி பசையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

பதினைந்து நாள் அடைகாத்தது, பிறகு உடைத்து, சீவி, சாயமேற்றி, அளந்தது எல்லாம் சேர்ந்து முப்பத்தேழு நாள். மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடித் துண்டுகளில் வெறும் எண்தான் இருக்கும், எது எந்தப் பெட்டி என்று அளக்கிறவருக்குத் தெரியாது. அந்த எண் பட்டியல் உள்ள உறையைக் கடிகாரத்திடம் கொடுத்து வைத்திருந்தேன். அளந்து முடித்த மத்தியானம் அவர் அதைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசிக்க, நான் எழுதினேன்.

சின்னது, இடது. சின்னது, இடது. பெரியது, வலது. சின்னது, இடது.

காந்தம் இருந்த வலதுபக்கத்தில் சுரப்பிகள் கொழுகொழுவென்று இருந்தன. ஒரு தடவை வந்ததை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. கதவைச் சரிசெய்து இன்னும் மூன்று நான்கு தடவை பார்க்க வேண்டும். ஆனால் பழைய நான்கும் குப்பை என்பதை அடித்துச் சொல்லலாம். ஆய்வேடு கிடையாது. கல்லூரி வேலைக்கு இன்னும் மூன்று நாளில் விளம்பரம் வரும். அந்தக் கடிதத்தை வைத்திருந்தால் இந்நேரம் நிரந்தர வேலையில் உட்கார்ந்து, காந்தம் பறவைகளின் சுரப்பியைச் சுருக்கும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்காரர் போன் பண்ணினார். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. காந்தம் ஒண்ணும் பண்ணின மாதிரித் தெரியல."

"அப்ப ரெண்டு வருஷமாச் சுரப்பியைச் சின்னதாக்கினது எது?"

"கதவு" என்றேன்.

கடிகாரம் பட்டியலை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி உறையைப் பார்த்தார்.

"கதவும் நானும்" என்றேன் போனில்.